தலைமன்னார் திருக்கையும் திண்டுக்கல் ரீலும்

நான் கடல் கடந்து போனது திருக்கை மீன் பிடிப்பதற்காக என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. திண்டுக்கல்காரனுக்கு மீன் என்பது ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது. இல்லாவிட்டால் குளம் வற்றும்போது சேற்றில் துழாவி எடுப்பது. குடகனாற்றில் தண்ணீர் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிற ஜனங்கள் நாங்கள்.

தனுஷ்கோடி வரைக்கும் ரயில் ஓடிய காலம் அது. எனக்கு முப்பத்தைந்து வயது. பேகம்பூர் போகும் ரோட்டில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். கிணற்று மோட்டாருக்கு புஷ் கடைவது, பூட்டுக்காரர்களுக்கு உள் தட்டுகள் வெட்டிக் கொடுப்பது என்று வேலைக்குக் குறைவில்லை. அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என் மனைவி லூர்துவின் அக்கா ரோசம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கமாகத் தங்கைக்கு எழுதுகிறவர், இந்த முறை எனக்கு எழுதியிருந்தார்.

ரோசம்மா அக்காவின் கணவர் சவரிநாதன் எனக்குச் சகலை. திண்டுக்கல்லில் பிறந்தவர்தான். பத்தொன்பது வயதில் இலங்கை ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து தலைமன்னாரிலேயே தங்கிவிட்டார். குழந்தைகள் இல்லை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் கரையில் நின்றபடியே கைக்கயிற்றால் திருக்கை பிடித்த கதைகளைச் சொல்வார். ஆளைவிட அகலமான மீன், கட்டில் மாதிரி மீன் என்று கையை விரிப்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்போம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேகன்களைக் கோக்கும்போது அவருடைய இடது கை நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ரயில்வேயில் அவரைப் பார்சல் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் கடற்கரைப் பக்கமே போவதில்லை என்று அக்கா எழுதியிருந்தார். டூட்டி முடிந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிட்டால் பதில் சொல்கிறார், கூப்பிடாவிட்டால் பேச்சில்லை. ஒற்றைக் கையால் மீன் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா தம்பி, நீங்கள் இரும்பில் என்னென்னவோ செய்கிறீர்களே என்று கேட்டிருந்தார். கடைசி வரியில், நான் எழுதியது அவருக்குத் தெரியாது என்றிருந்தது.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரருடைய தூண்டில் ரீலை நான் ஒருமுறை பழுது பார்த்திருக்கிறேன். நூல் சுற்றுகிற உருளை, அதைத் திருப்ப ஒரு கைப்பிடி, ஒரு பிரேக். அவ்வளவுதான் ரீல். சூட்சுமம் எல்லாம் பிரேக்கில் இருக்கிறது. பெரிய மீன் இழுக்கும்போது உருளை அப்படியே ஓடவும் கூடாது, ஒரேயடியாக நிற்கவும் கூடாது. கணக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். நின்றால் ஒன்று நூல் அறும், இல்லை ஆள் கடலுக்குள் போவான்.

உடைந்த லாரி பிஸ்டனை உருக்கி உருளை வார்த்தேன். பக்கத் தட்டுகள் பித்தளை. பிரேக்குக்கு வட்ட வட்டமாகத் தோல் வேண்டியிருந்தது. தோல் பதனிடுகிற தோல் ஷாப் ஒன்றில் வேலை பார்த்த நண்பர் நல்ல கனத்த தோலில் ஆறு வில்லைகள் வெட்டிக் கொடுத்தார். தோலை இறுக்கவும் தளர்த்தவும் நட்சத்திரம் மாதிரி ஒரு திருகு வைத்தேன். கைப்பிடியும் திருகும் ஒரே பக்கம், வலது கைக்கு எட்டுகிற தூரத்தில். கோலுக்குச் சிறுமலையிலிருந்து கெட்டி மூங்கில் வந்தது. அதில் ரீலுக்கு மேலே ஒரு தோல் உறை தைத்தேன். மிச்சமிருக்கிற இடது முன்கையை அதில் நுழைத்து வாரால் கட்டிக்கொண்டால் கோல் நிற்கும். அடிமுனை இடுப்பு வாரில் உள்ள கிண்ணத்தில் உட்காரும். வலது கை சும்மா இருக்கும், ரீலைச் சுற்றலாம். எனக்கே என் மேல் பெருமை வந்தது.

சோதித்துப் பார்க்கக் கடல் இல்லை. அகரத்தில் பெருமாள் என்ற விவசாயியின் மோட்டாருக்கு நான்தான் வைத்தியன். சித்திரை மாதம், குளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நூலின் முனையை அவருடைய செவலைக் காளையின் கழுத்துக் கயிற்றில் கட்டினேன்.

"ஏப்பா சூசை, மாடும் மீனும் ஒண்ணாப்பா?" என்று கேட்டார் பெருமாள்.

"கடல்ல இருக்கிறது இதைவிட வேகமா இழுக்குமாம்ணே."

அவர் காளையின் வாலை முறுக்கினார். அது குளத்துக்குள் பாய்ந்து ஓடியது. ரீல் கிர்ரென்று கத்திக்கொண்டு நூலைவிட்டது. திருகை இறுக்க இறுக்கக் காளை மெதுவானது. தோல் சூடேறி வாடை வந்தது, ஆனால் பிடி விடவில்லை. குளத்தைத் தாண்டிக் கனகாம்பரத் தோட்டத்து வரப்பில் போய்க் காளை நின்றுவிட்டது. பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் இருவரையும் வாயாரத் திட்டினார்கள். பெருமாள் காளையின் முதுகைத் தடவிக்கொடுத்து, மாடே சரின்னு சொல்லிருச்சு, கிளம்பு என்றார்.

மதுரையில் மாறி தனுஷ்கோடி ரயிலில் ஏறினேன். மூங்கிலை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் பித்தளைக் குழாய் போட்டிருந்தும், பெட்டிக்குள் அது யாருடைய தலையிலாவது இடித்துக்கொண்டே வந்தது. வடக்கேயிருந்து யாத்திரை வந்த ஒரு மூதாட்டி, கட்டி வைத்திருந்த மூங்கிலைச் சாமியார் தண்டம் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் மூங்கிலைக் குறை சொல்லவில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கிணறுகளில் நீந்துகிற ஆழத்துக்குத் தண்ணீர் கிடப்பது அபூர்வம், கிடந்தாலும் அம்மா விட்டதில்லை. கண்ணை மூடி ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் பாலம் முடியவில்லை. இன்னும் இருபது முப்பது சொல்ல வேண்டியிருந்தது.

தனுஷ்கோடியிலிருந்து கப்பல். ஒரு மணி நேரம் நன்றாக நின்றுகொண்டிருந்தவன், அதற்கு அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜவுளி மூட்டையோடு வந்த ஓர் அம்மாள், எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்து முகரச் சொன்னார். முகர்ந்துகொண்டே இலங்கையில் இறங்கினேன்.

தலைமன்னார் துறையில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். சட்டைகளுக்கு நடுவில் துணி சுற்றிய ரீல். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். அது கத்திய கத்தலில் வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிங்களத்தில் பக்கத்தில் நின்ற சிநேகிதரிடம் ஏதோ சொல்ல, அந்தச் சிநேகிதர் தமிழில் எனக்குச் சொன்னார்: சினிமா மிஷினில் கழற்றியது போலிருக்கிறது என்கிறார்.

மீன் பிடிக்கிற ரீல், நானே செய்தது என்றேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். அங்கே கடல் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் இது மீன் பிடிக்கும் என்று எப்படித் தெரியும்?

"மாட்டைக் கட்டிப் பார்த்தோம்" என்றேன்.

தமிழ் தெரிந்தவர் அதை மொழிபெயர்த்தார். சுங்க அதிகாரி என் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். பிறகு ரீலை என்னைவிடப் பக்குவமாகத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பெட்டியின் மேல் போகலாம் என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் துறையிலிருந்து கூப்பிடு தூரம். வாசல் வரைக்கும் மணல்தான். சகலை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இடது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். முகத்தில் சதை வற்றிப்போயிருந்தது. ஊரில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். நான் சொல்லி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அக்கா பாணும் சம்பலும் வைத்தார். ரொட்டியை அங்கே பாண் என்கிறார்கள். சம்பல் நம்முடைய தேங்காய்த் துவையலுக்கு அக்கா தங்கச்சி முறை, காரம் மட்டும் பங்காளிச் சண்டை. கடல் பக்கத்து ஜன்னல் சாத்தியே இருந்தது. அந்தப் புழுக்கத்திலும் அதை யாரும் திறக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் ரீலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை. குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். தோல் உறையைப் பார்த்ததும் அது எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நீ எழுதினியா?"

அக்கா தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"நல்ல வேலைப்பாடு, சூசை" என்றார் என்னிடம். "திரும்பிப் போகையில கொண்டுபோயிரு. நம்ம பக்கம் குளத்துல கிளத்துல பிடிக்கிறவுகளுக்கு ஆகும்."

எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். நான் ரீலோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். அம்புட்டு தூரம் கடல் தாண்டி வந்தவனுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பயணத்திலேயே கடினமாக இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நானே கோலை எடுத்துக்கொண்டு தென்கரைக்குப் போனேன். சோளகம் எழும்பியிருந்தது. தென்மேற்குக் காற்றுக்கு அங்கே அதுதான் பெயர். அலைகள் வரிசையாக வந்து மணலில் விழுந்தன. அக்கா மரைக்காயர் கடையில் நைலான் கயிறு வாங்கி வைத்திருந்தார். கணவாய் மீன் துண்டைக் கொக்கியில் குத்தி, மூச்சைப் பிடித்து வீசினேன். ஈயக்குண்டு பத்தடி தள்ளி என் பக்கத்திலேயே விழுந்தது. உருளை மட்டும் ஓடுகிற ஓட்டத்தை நிறுத்தவில்லை. கயிறு முழுக்க ரீலுக்குள் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது.

கஸ்பார் என்ற மீனவர் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்து பார்த்தார். "என்ன ஐயா, வலை பின்னுறீங்களோ?" என்றார். கேலி செய்கிற மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

மத்தியானம் வரை சிக்கெடுத்தேன். எடுக்க எடுக்கக் கூடியது. வெயிலில் தலை சுற்றியது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான வீசணும் என்றது. சகலை. சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது.

மணலில் உட்கார்ந்து ரீலை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட கையால் உருளையை அமுக்கிக்கொண்டு, வலது கை விரல்களால் ஒவ்வொரு சுருக்காக எடுத்துவிட்டார். எனக்கு மூன்று மணி நேரத்தில் முடியாதது அவருக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. ரீலை என்னிடம் கொடுத்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.  அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், அந்த வாரை எப்படிக் கட்டணும், காட்டு என்றார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அரை நாள் வேலை. மதியத்துக்கு மேல் மூவரும் கரைக்குப் போனோம். அவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார். முதல் இரண்டு வீச்சும் கோணலாகப் போயின. மூன்றாவது வீச்சில் குண்டு அலைகளைத் தாண்டிப்போய் விழுந்தது. கஸ்பார் வள்ளத்திலிருந்தபடியே தலையை ஆட்டினார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அலை வந்து வந்து ரீலை நனைத்துக்கொண்டிருந்தது. பிறகு கோல் வளைந்தது. ரீல் கத்தியது. "பெருசு" என்றார் அவர். கயிறு இருபது முப்பது கெஜம் ஓடியிருக்கும். சத்தம் நின்றுவிட்டது. கயிறு ஓடவில்லை, மீன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் திருகைத் தளர்த்தினார். நின்ற உருளை நின்றபடியே இருந்தது. ஓரடி முன்னால் போனார். இன்னோரடி. இடுப்புக்குத் தண்ணீர் வந்தது. கையை உறையிலிருந்து உருவப் பார்த்தார், கோல் இழுத்த இழுப்பில் வார் இறுகிவிட்டது. வாரின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. நான் கட்டிய வார் அது.

நீச்சல் தெரியாது என்பது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. ஓடிப்போய் அவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிக்கொண்டேன். இருவரையும் சேர்த்து இழுத்தது. கால் மணலைவிட்டது. ஓர் அலை தலைக்கு மேல் விழுந்தது. வாயிலும் மூக்கிலும் உப்பு. இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் இழுப்பு சட்டென்று நின்றது. கயிறு அறுந்துவிட்டது. அடுத்த அலை எங்களைக் கரையில் உருட்டிவிட்டது. கஸ்பார் ஓடிவந்து இருவரையும் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பிறகு வந்து, அவர் கையிலிருந்து வாரை அறுத்து, ரீலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போனதும் அதைத் துணிப் பெட்டிக்கு அடியில் தள்ளினார்.   பிரேக் ஏன் இறுகியது என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு மனிதனைக் கொல்வதற்குக் கப்பல் ஏறி வந்திருக்கிறேன் என்று மட்டும் பட்டது.

ஞாயிறு காலை எழுந்து வந்தால், சமையலறை மேசையில் ரீல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சகலை ஒரு தேக்கரண்டிக் காம்பால் ஒவ்வொரு திருகாகக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார். ஆறு தோல் வில்லைகளும் இட்லி மாதிரி உப்பிப் போயிருந்தன.

"தோல் ஊறிப்போச்சு" என்றார். "ஊறி அடைச்சுக்கிருச்சு. நீ இதை நனைச்சுப் பாக்கவே இல்ல, இல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். எல்லாம் பார்த்தேன். எடை பார்த்தேன், மாட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில் அது தோன்றாது. அதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு மேசை ஆடுகிற மாதிரி சிரித்தார். அக்கா ஞாயிறு பூசைக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தவர், பாதி கட்டிய சேலையோடு வந்து எட்டிப் பார்த்தார். மேசையில் என்ன இருக்கிறது என்று கண்டதும் முகம் மாறிவிட்டது.

"ஒரு கை போனது போதும்" என்றார். "மிச்சத்த நான் கடலுக்குக் குடுக்க மாட்டேன்."

"கடலுக்குப் போங்க போங்கன்னு நீதான சொன்ன?"

"கரையில நிக்கத்தான் சொன்னேன்."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "தண்ணிக்குள்ள இழுக்கையில நான் பயந்துட்டேன், ரோசு. செத்துறக் கூடாதுன்னு தோணுச்சு. ரெண்டு வருசமா எனக்கு அப்படித் தோணினதே இல்ல."

 அக்கா உள்ளே போய்ச் சேலையைக் கட்டி முடித்து வந்து, நேரமாச்சு, கோயிலுக்குக் கிளம்புங்க என்று இருவரிடமும் பொதுவாகச் சொன்னார்.

பூசை முடிந்து வருகிற வழியில் சகலை கஸ்பாரின் குடிசைக்குள் நுழைந்து ஒரு போத்தல் சுறா எண்ணெய் வாங்கி வந்தார். வள்ளத்துப் பலகைக்குத் தண்ணீர் இறங்காமல் பூசுகிற எண்ணெய். தோலில் முதலிலேயே எண்ணெய் இறங்கிவிட்டால் அப்புறம் தண்ணீர் எங்கே இறங்கும் என்று கேட்டார். பட்டறைக்காரன் நான், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உப்பிய வில்லைகளை நிழலில் உலர்த்தித் தேய்த்து மட்டமாக்கி எண்ணெயில் போட்டோம். அதன் நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. தோல் ஷாப் வாடையில் வளர்ந்த எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. அக்கா அந்தப் போத்தலை வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்.

இரண்டு நாள் அது ஊறியது. அதற்குள் ரயில்வே ஷெட்டில் கேட்டுக்கொண்டு வாரை மாற்றிச் செய்தேன். கொக்கிக்குப் பதில் கீல் மாதிரி இரண்டு பித்தளைப் பட்டை, நடுவில் ஓர் ஊசி. வலது கையால் ஊசியை உருவினால் எவ்வளவு இழுப்பு இருந்தாலும் உறை திறந்துகொள்ளும். அந்த இரண்டு நாளும் அவர் டூட்டி முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவார். ஊசியின் தலையில் வளையம் வை, ஈரக் கையில வழுக்கும் என்று அவர்தான் சொன்னார். இருவரும் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். அக்கா குழல் புட்டும் பெரிய றால் போட்ட குழம்பும் வைத்திருப்பார். அந்த ஊரில் இறாலை றால் என்றுதான் சொல்கிறார்கள். பேசுவதைக் கதைப்பது என்கிறார்கள். கதைத்துக்கொண்டே சாப்பிட்டோம் என்று எழுதினால் சரியாக இருக்கும். அவர் நிறையக் கதைத்தார்.

புதன்கிழமை அவர் டூட்டி முடிந்து வந்ததும் ரீலைப் பூட்டினோம். கரைக்குக் கிளம்பப் போனவரை அக்கா வாசலில் மறித்தார். கையில் ஒரு வாளி கடல் தண்ணீர். அதை ரீலின் மேல் மொத்தமாக ஊற்றினார். ஒரு மணி நேரம் உட்காருங்க என்றார். உட்கார்ந்தோம். பிறகு சகலையின் கையைத் தானே உறைக்குள் விட்டு ஊசியைச் செருகினார். கயிற்று முனையை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணலில் ஓடத் தொடங்கினார்.

ஐம்பதை நெருங்குகிற பெண்மணி, கனத்த சரீரம். பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்துக்கொண்டு ஓடினார். ரீல் கத்திக்கொண்டே விட்டுக்கொடுத்தது. எங்கேயும் நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் போய் நின்று, "ஊசிய எடுங்க" என்று அங்கிருந்தே சொன்னார். சகலை வளையத்தைப் பிடித்து உருவினார். கை வெளியே வந்தது. இன்னொரு தடவை என்றார் அக்கா. ஐந்தாறு தடவை செய்யவைத்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜனங்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். கடைசியில் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, சரி போங்க என்றார்.

அன்று சாயங்காலம் ஒன்றும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். மறுநாள் எனக்குக் கப்பல். காலை எட்டு மணி இருக்கும், கோல் வளைந்தது.

இந்த முறை கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. உருளையில் பாதிக்கு மேல் போய்விட்டது. பிறகு மீன் நின்றது. திருக்கையின் வழக்கம் அது என்று கஸ்பார் சொன்னார். தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அசைக்க முடியாது. கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறேன், அந்த மாதிரி கிடந்தது. சகலை இழுக்கவில்லை. கயிற்றைத் தளரவிடாமல் கரையோரமாகவே நடந்தார். பக்கவாட்டில் இழுப்பு மாறியதும் மீன் தரையைவிட்டுக் கிளம்பியது. மறுபடியும் ஓடியது, மறுபடியும் படுத்தது. அவர் மறுபடியும் நடந்தார். வலது கை திருகுக்கும் கைப்பிடிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அது எப்போது மாறுகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் செய்த சாமான், ஆனால் அதில் இத்தனை வேலை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அலைக்குள் ஒரு பழுப்பு நிறம் தெரிந்தது. நான் அதை நிழல் என்று நினைத்தேன். நிழல் ஓரத்தைத் தூக்கிக் காட்டியது, அடியில் வெள்ளை. பெரிய அலை ஒன்றுக்காகக் காத்திருந்து, அது வரும்போது பின்பக்கமாக நடந்தார். அலை மீனைக் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டுப் போனது. வாலுக்குக் கிட்டப் போகாதீங்க ஐயா, முள் இருக்கு என்று கஸ்பார் என்னைப் பின்னால் தள்ளினார். கத்தியால் ஒரே வெட்டில் முள்ளோடு வாலை எடுத்தார். அதன் பிறகுதான் கிட்டப் போனேன். புள்ளித் திருக்கை. கட்டில் அகலம் இருந்தது. ஊரில் அவர் சொல்லும்போது நாங்கள் சிரித்ததெல்லாம் எனக்கு நினைவு வந்தது.

சகலை ஊசியை உருவிவிட்டு மணலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

"ரெண்டு கையும் வலிக்குது, சூசை" என்றார்.

நான் அவருடைய வலது கையைப் பிடித்துவிட்டேன். மற்றதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. செத்த நேரம் கழித்து அதையும் பிடித்துவிட்டேன்.

நாலு பேர் சேர்ந்து கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பங்கு போயிற்று. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பால் ஊறட்டும் என்று நல்ல துண்டாகப் பார்த்து அக்கா முதலில் எடுத்து வைத்தார். மிச்சத்தில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தார். திருக்கையின் சதைக்குள் முள் கிடையாது, குருத்தெலும்புதான், மென்று விழுங்கலாம். எனக்கு நான்கு தடவை சோறு போட்டார். கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. காற்றில் மணல் வந்து சோற்றில் விழுந்தது, அதற்காக யாரும் எழுந்துபோய்ச் சாத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தபோது சகலை வீட்டில் இல்லை. கோலும் இல்லை. விடியும்போதே போயிட்டாக, நீங்க கிளம்புற நேரம் கூட மறந்துருச்சு, நான் போய்க் கூட்டியாரேன் என்று அக்கா செருப்பைத் தேடினார். வேண்டாம் அக்கா, விடுங்க என்றேன். அவர் லூர்துவுக்கு என்று கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு துறைக்கு நடந்தேன்.

கப்பல் துறையை விட்டு நகர்ந்து திரும்பியபோது கம்பி ஓரம் போய் நின்றேன். கரையில், முழங்கால் தண்ணீரில், அவர் நின்றுகொண்டிருந்தார். கோல் வளைந்திருந்தது. கப்பலின் ஊதல் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தார். நான் தோள் துண்டை எடுத்து ஆட்டினேன். அவர் திரும்பக் கையசைக்கவில்லை. இருந்த ஒரு கை வேலையாக இருந்தது.